வேங்கடத்தின் அடியில் வரலாற்றுப் பாடம்

(சங்க ஆண்டு விழாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

என் பேச்சு முடிந்ததும் மாறுவேடப் போட்டி நடைபெறும் என்று அறிவித்திருக்கிறார்கள். மேடைக்கு வரும் வழியில் மூன்று பாரதியாரையும், இரண்டு கட்டபொம்மனையும், கோலூன்றிய ஓர் ஔவையாரையும் கண்டேன். கட்டபொம்மருள் ஒருவர் நான் கேளாமலே வெள்ளைக்காரத் துரையைக் கடிந்து பேசத் தொடங்கினார். 1959இல் வெளிவந்த திரைப்படத்தின் உரையாடல் அது. ஓர் எழுத்தும் பிழையில்லை. “அரசே, தாங்கள் வாழ்ந்தது உங்கள் தாத்தா காலத்திலா, அதற்கும் முன்னரா?” என்று வினவினேன். அரசர் சற்றே சிந்தித்து, “தாத்தாவைத்தான் கேட்க வேண்டும்” என்றார். நல்ல விடை! எனக்குத் தரப்பட்ட பொருளுக்கு அவரே தொடக்கம் செய்து வைத்துவிட்டார்.

அப்பொருள், ‘தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வரலாறு கற்பித்தல்’ என்பதாகும். சித்தூர் மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறுவர்களோடு காலங்கழித்தவன் என்ற ஒரே தகுதியால் இதைப் பற்றிப் பேசத் துணிகிறேன்.

ஐந்தாம் வகுப்பு முடிய நம் குழந்தைகளுக்கு வரலாறு என்று தனிப் பாடம் இல்லை. சூழ்நிலையியல் என்னும் ஒரு பாடத்துக்குள் செடி, கொடி, நீர், வீடு, உறவினர், ஊர் எல்லாம் அடங்கிவிடும். ஆறாம் வகுப்பில்தான் வரலாறு தன் பெயரோடு வந்து நிற்கிறது. இவ்வேற்பாட்டை நான் குறை கூற வரவில்லை. பாடம் குறைவாக இருப்பது குழந்தைக்கு நல்லதே. ஆயினும் ஆறாம் வகுப்பு வரும் வரையில் குழந்தை வரலாற்றைக் கேளாமல் காத்திருக்கிறதா? இல்லை. ஐந்து வயதிலிருந்தே அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. திண்ணையில் பெரியவர்கள் பேசுவது அதன் காதில் விழுகிறது. திரைப்படம் காட்டுகிறது, கைப்பேசி காட்டுகிறது, முச்சந்தியில் நிற்கும் சிலை காட்டுகிறது. பள்ளி கற்பிக்காத பாடத்தை ஊரெல்லாம் கூடிக் கற்பிக்கிறது. எது உண்மை, எது கதை, எது வீம்பு என்று பிரித்துக் காட்ட ஒருவரும் அருகில் இல்லாத ஐந்து ஆண்டுகள் அவை.

பிற ஊர்களில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை என்று வைத்துக்கொள்வோம். நம் நிலை வேறு. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பணியின் பொருட்டு வந்து இக்குடியிருப்பில் தங்கியவர் பலர். பாட்டன் காலத்திலிருந்தே சித்தூரிலும் புத்தூரிலும் நகரியிலும் வாழ்ந்து வருபவர் பலர். நம் குழந்தைகள் வீட்டில் ஒரு வரலாற்றையும் தெருவில் மற்றொரு வரலாற்றையும் கேட்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி மாலையில் என்னிடம் தனியே வந்து நின்றாள். “சார், திருப்பதி நம்முடையது, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று தாத்தா சொல்கிறார். என் பக்கத்தில் உட்காருகிறவள், இது எப்பொழுதுமே எங்களுடையதுதான் என்கிறாள். நாங்கள் இரண்டு நாளாகப் பேசவில்லை. யார் சொல்வது சரி?” என்று கேட்டாள்.

ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருவர், ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே புளியம்பழத்தைப் பகிர்ந்து தின்றவர்கள், தாங்கள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைப் பற்றிப் பிணங்கி நிற்கிறார்கள். நான் ஒரு பக்கம் சாய்ந்து விடை கூறியிருந்தால் ஒருத்தி வென்றிருப்பாள். மற்றொருத்தி வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள். வரலாறு இருவர்க்கும் கசந்திருக்கும். “அதெல்லாம் பெரியவர்கள் செய்தி, போய் விளையாடு” என்று கூறுவதும் தகாது. குழந்தை கேட்டது நேர்மையான வினா. நாளை விடை தேடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடைத்தெருவில் ஒரு கட்டுச் சணல் கயிறு வாங்கினேன்.

கயிறு எதற்கு என்று கேட்பீர்கள். சிறு குழந்தைக்கு இறந்த காலம் முழுவதும் ‘நேற்று’தான். தாத்தா பள்ளிக்கூடம் போனதும் நேற்று. இராமர் காட்டுக்குப் போனதும் நேற்று. “தாத்தா, நீங்கள் காந்தியைப் பார்த்திருக்கிறீர்களா? இராசராசனைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று ஒரே மூச்சில் கேட்கும். அதனிடம் போய் ‘கி.பி. 1513’ என்றால், அது தொலைபேசி எண்ணைப் போல் ஓர் எண், அவ்வளவே. ஆயிரம் என்பதற்கும் நிறைய என்பதற்கும் அதன் மனத்தில் வேறுபாடு இல்லை. ஆண்டுகளை மனப்பாடம் செய்விப்பதனால் இக்குறை தீராது. காலத்தைக் கண்ணால் காணும் நீளமாக மாற்றித் தந்தால் தீரும்.

ஒரு சாணுக்கு 25 ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டோம். ஒரு தலைமுறை ஒரு சாண். சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை; ஆகவே ஒரு விரற்கடை ஏறத்தாழ இரண்டு ஆண்டு. எட்டு வயதுக் குழந்தையின் வாழ்நாள் முழுவதும் நான்கு விரற்கடை! தன் வாழ்நாளைத் தன் விரல்களாலேயே அளந்து பார்த்த குழந்தையின் முகத்தை நீங்கள் காண வேண்டும். அப்பாவும் அம்மாவும் இரண்டாம் சாணில் இருப்பார்கள். தாத்தாவும் பாட்டியும் மூன்றாம் சாணில். சித்தூர் மாவட்டம் அமைந்த 1911 ஐந்தாம் சாணில் விழும். சென்னைப் பட்டினம் தோன்றக் காரணமான நிலக்கொடை நிகழ்ந்த 1639 பதினாறாம் சாணில். கிருட்டிணதேவராயர் திருமலைக்கு முதன்முதல் வந்த 1513 இருபத்தோராம் சாணில். அவ்வளவில் கயிறு வகுப்பறையின் வாயிலை நெருங்கிவிடும்.

அதற்கும் அப்பால் தாழ்வாரத்தில், நாற்பத்து மூன்றாம் சாணில், சாமவை என்னும் அரசியின் முடிச்சு. ஏர்ப்பேட்டைக்கு அருகே குடிமல்லத்தில் உள்ள பழைய சிவலிங்கத்தைக் கண்டிருப்பீர்கள். வேட்டுவன் போன்ற ஓர் உருவம் முன்புறம் செதுக்கப்பட்டது. அது கி.மு. இரண்டாம் அல்லது முதலாம் நூற்றாண்டினது என்று அறிஞர் பலர் கொள்வர். அதன் முடிச்சைக் கட்ட வேண்டுமானால் 84 சாண் வேண்டும்; 63 அடி. முற்றத்தைக் கடந்து வேப்ப மரத்தடிக்குப் போயிற்று எங்கள் கயிறு.

பிணங்கியிருந்த இரு சிறுமிகளையும் ஆளுக்கொரு முனையில் நிறுத்தினேன். ஒருத்தி கரும்பலகை அருகே. மற்றொருத்தி வேப்ப மரத்தடியில். முடிச்சுக்கு முடிச்சு பெயரைக் கூவிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு நாள் பேசாதிருந்தவர்கள் அன்று தொண்டை வற்றக் கத்திப் பேச வேண்டியதாயிற்று.

பின்னர், பெரியவர்கள் எல்லைக்காகப் போராடிய காலம் இக்கயிற்றில் எவ்வளவு என்று அளந்து பார்க்கச் சொன்னேன். 1953 முதல் 1960 வரை ஏழு ஆண்டு, மூன்றரை விரற்கடை. 63 அடிக் கயிற்றில் மூன்றரை விரற்கடை! அது சிறிய செய்தி என்று நான் கூறவில்லை. அதைக் கூறும்பொழுது மீதிக் கயிற்றையும் கையில் பிடித்திருக்க வேண்டும் என்கிறேன்.

இனி, சாமவையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். திருமலைக் கோயிலிலும், கீழ்த்திருப்பதியில் கோவிந்தராசர் கோயில் முதலியவற்றிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. சாது சுப்பிரமணிய சாத்திரியார் முதலிய அறிஞர்கள் அரிதின் முயன்று படித்த அவற்றைத் தேவத்தானத்தார் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று, பல்லவ குலத்துப் பெண்ணும் சத்திவிடங்கன் என்னும் தலைவனின் தேவியுமான சாமவை வெள்ளியால் ஒரு திருமேனி செய்வித்து, அணிகலன்களும் நிலமும் அளித்து, புரட்டாசித் திருவிழாவுக்கும் ஏற்பாடு செய்த செய்தியைக் கூறுகிறது. இக்கல்வெட்டின் காலம் 966 என்று இன்று அறிஞர் பலர் கொள்வர். ஏழாம் நூற்றாண்டினது என்று முன்னர்க் கருதியவரும் உளர். அந்த வெள்ளித் திருமேனியே போக சீனிவாசமூர்த்தி. இரவில் ஏகாந்த சேவையில் தொட்டிலில் இட்டுத் தாலாட்டப்படும் திருமேனி அது. நம் குழந்தைகளுள் எத்தனையோ பேர் ஏகாந்த சேவை என்னும் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் கொடுத்த பொருள் நேற்று இரவும் பயன்பட்டது என்று கூறினால், அவர்கள் கண்கள் விரிகின்றன.

இங்கே நிறுத்தி, நான் அவர்களிடம் இரண்டே வினாக்கள் கேட்பது வழக்கம். “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்பது முதல் வினா. கல்லில் எழுதியிருக்கிறது என்பார்கள். “கல் எதைச் சொல்லவில்லை?” என்பது இரண்டாம் வினா. இவ்வினாவுக்குத்தான் வகுப்பு விழித்தெழும். சாமவைக்கு எத்தனை வயது என்று கல் சொல்லவில்லை. அவள் கறுப்பா சிவப்பா என்று சொல்லவில்லை. மலைமேல் நடந்து ஏறினாளா, சிவிகையில் ஏறினாளா? அவளுக்குக் குழந்தைகள் உண்டா? ஏன் கொடுத்தாள்? ஒரு பையன், “வெள்ளியை யார் உருக்கியது சார்? அந்த ஆசாரி பேர் இல்லையா?” என்று கேட்டான். பொற்கொல்லர் வீட்டுப் பையன் அவன். இத்தகைய வினாவை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

அமெரிக்கக் கல்வியறிஞர் ஜெரோம் புரூனர் 1960இல் வெளியிட்ட நூலில், எந்தப் பாடத்தையும் எந்த வயதுக் குழந்தைக்கும் பொய் கலவாத ஒரு வடிவில் கற்பிக்க இயலும் என்னும் கருத்தை நிறுவ முற்பட்டார். ‘பொய் கலவாத’ என்பதுதான் கடினமான பகுதி. குழந்தைக்காக எளிமைப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் பெரும்பாலும் பொய்ப்படுத்திவிடுகிறோம். நல்ல அரசன், கெட்ட அரசன், நம்மவர், பிறர், வீரம், வஞ்சம் என்று இரண்டு பெட்டிகளில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். “எப்படித் தெரியும்? எது தெரியவில்லை?” என்னும் இரு வினாக்களும் எளிமையானவை; பொய் கலவாதவை; ஏழு வயதுக் குழந்தையும் கேட்கக் கூடியவை.

கிருட்டிணதேவராயருக்கு வருவோம். 1513இல் அவர் திருமலைக்கு வந்து அளித்த கொடைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கல்லில் பொறித்து வைத்தார்கள். ஒரே செய்தி, மூன்று மொழி. ஏன் என்று குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். “மூன்று ஊர்க்காரர்களும் வருவார்களே, படிக்க வேண்டாமா?” என்று இரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையைக் கண்டு பழகிய குழந்தை உடனே கூறிவிடும். பெரியவர்களுக்குத்தான் இதில் ஐயம் வருகிறது. அவ்வரசர் தெலுங்கில் இயற்றிய பெருங்காப்பியம் ஆமுக்தமால்யதா. அது யாரைப் பற்றியது? திருவில்லிபுத்தூரில் தமிழ் பாடிய ஆண்டாளைப் பற்றியது! இதனைக் கூறியபொழுது, பிணங்கிய சிறுமியரில் தெலுங்கு வீட்டுப் பெண் பெருமிதத்தோடு என்னைப் பார்த்தாள். தமிழ் வீட்டுப் பெண்ணும் அதே பெருமிதத்தோடு பார்த்தாள். ஒரு செய்தி இருவர்க்கும் பெருமை தருவதை அப்பிள்ளைகள் அன்றுதான் கண்டார்கள் போலும்.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தமிழ் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறித்தார் என்பதை நாம் அடிக்கடி மேடைகளில் முழங்குகிறோம். முழங்கட்டும், உண்மையே. சங்கப் புலவர் மாமூலனார் வேங்கடத்துத் தலைவன் புல்லியைப் பாடினார். அதே மாமூலனார் வேங்கடத்துக்கு அப்பால் மொழி வேறாகும் என்பதையும் பாடியிருக்கிறார். இந்த இரண்டாவது செய்தியை மேடையில் நான் அதிகம் கேட்டதில்லை. எல்லை என்றாலே இரண்டு பக்கம் உண்டன்றோ? நம் வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர்.

எல்லைப் போராட்டத்தைக் குழந்தைகளுக்குக் கூறவே கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஐந்தாம் வகுப்பில் தாராளமாகக் கூறலாம். மறைத்தால் திண்ணையில் கேட்டுக்கொள்வார்கள். நான் கூறும் முறை இது. திருத்தணியில் 1950இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறந்தபொழுது அவள் ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் ஆயிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் ஆந்திரப் பிரதேசம். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் மீண்டும் சென்னை மாநிலம். 1969இல் தமிழ்நாடு. பத்தொன்பது வயதுக்குள் நான்கு பெயர்! “பாட்டி வீடு மாறவே இல்லையா சார்?” என்பார்கள். இல்லை, அதே வீடு, அதே கிணறு, அதே முருங்கை மரம். அதே 1960இல் சத்தியவேட்டில் இருந்த ஒரு பையன் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரப் பிரதேசத்துக்கு வந்தான். அவனும் வீடு மாறவில்லை. 2022இல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபொழுது அவன் ஊரின் மாவட்டப் பெயரும் மாறிற்று.

இவ்வளவும் புரிந்த பின்பு மனிதர்களைக் கூறலாம். தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டிப் பொட்டி சிறீராமுலு சென்னையில் உண்ணாநோன்பு இருந்து 1952 திசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். வட எல்லையைக் காக்க வேண்டும் என்று ம. பொ. சிவஞானம் போராடினார், தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்துத் துணை நின்றார். சென்னை வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். திருப்பதியும் சித்தூரும் வேண்டும் என்று நாம் கேட்டோம். கேட்டது முழுவதும் இருவர்க்கும் கிடைக்கவில்லை. படாசுகர் என்பவர் நடுநின்று ஆராய்ந்து கூறியதை ஒட்டி 1959இல் சட்டம் இயற்றிக் கோடு கிழித்தார்கள். பத்து வயதுக் குழந்தைக்கு இது நன்றாகப் புரியும். உடன்பிறந்தார் இருவர் ஒரு மாம்பழத்தை அறுத்துக் கொடுக்கக் கேட்டு, இருவருமே தன் பங்கு சிறிது என்று முகம் சுளித்ததை அது நாள்தோறும் வீட்டில் காண்கிறது.

அடுத்து, கண்டவர் சொல்லும் சான்று. காளத்தியில் கிருட்டிணதேவராயர் 1516இல் எழுப்பிய பெரிய கோபுரம் 2010 மே 26ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. அதன் இடத்தில் புதிய கோபுரம் எழுப்பி 2017இல் குடமுழுக்குச் செய்தார்கள். இக்குடியிருப்பில் உள்ள பலர் பழைய கோபுரத்தைக் கண்டவர்கள். இதைக் குழந்தைகளுக்கு வீட்டுப் பாடமாகத் தந்தேன். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மூன்று பேரிடம் கேட்டு எழுதி வர வேண்டும். வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இடி முழங்கியது போல் ஒலி கேட்டது என்றார் ஒருவர். ஒலியை நான் கேட்கவே இல்லை, புழுதிதான் கண்டேன் என்றார் மற்றொருவர். மூன்றாமவர் அன்று ஊரிலேயே இல்லை. ஆயினும் மற்ற இருவரையும் விட விரிவாகக் கூறினார்! “ஊரில் இல்லாதவருக்கு எப்படி அவ்வளவு தெரியும்?” என்று குழந்தைகளே கேட்டார்கள். சான்று எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு சிதைகிறது என்பதைப் பற்றி நான் மேற்கொண்டு ஒன்றும் விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

புராணக் கதைகளை என்ன செய்வது என்பது பெற்றோர் பலர் கேட்கும் வினா. காளத்தி என்றால் கண்ணப்பர். திருமலை என்றால் அனந்தாழ்வாரும் அவருடைய கடப்பாரையும். ஏரி வெட்டும்பொழுது அவர் எறிந்ததாகச் சொல்லப்படும் கடப்பாரை கோயில் பெருவாயிலில் தொங்குவதைக் காணாமல் எந்தக் குழந்தை உள்ளே போகும்? இவற்றைப் பொய் என்று கூறி ஒதுக்குவது அறிவுடைமை அன்று. கல்வெட்டோடு கலந்து ஒரே குரலில் கூறுவதும் அன்று. நான் இரண்டு ஏடுகள் வைத்திருந்தேன். ஒன்று ‘கதை சொல்கிறது’. மற்றொன்று ‘கல் சொல்கிறது’. கண்ணப்பர் முதல் ஏட்டில். அவரைச் சேக்கிழார் திண்ணனார் என்கிறார். தெலுங்குப் புலவர் தூர்ச்சடி தின்னடு என்கிறார். இரு மொழியும் ஒரு வேடனுக்காக உருகியிருக்கின்றன என்னும் செய்தி இரண்டாம் ஏட்டுக்கும் உரியது. அந்நூல்கள் இருப்பது உண்மையன்றோ! எதை எந்த ஏட்டில் எழுதுவது என்று குழந்தைகள் தமக்குள் வழக்காடுவார்கள். சில செய்திகள் ஏடு மாறியதும் உண்டு.

அருகில் உள்ள வேறு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்திரகிரிக் கோட்டையின் இராசமகாலில் இப்பொழுது தொல்பொருட் காட்சிச்சாலை உள்ளது. 1639இல் ஆங்கிலக் கும்பெனியின் பிரான்சிசு டே கடற்கரையில் நிலம் பெற்றது விசயநகர அரசருக்கு உட்பட்ட தாமர்லா நாயக்கரிடம். அவ்வரச மரபின் கோட்டை சந்திரகிரி. நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டினம் என்ற பெயர் எழுந்தது என்பர். சென்னையில் பாட்டி வீடு உள்ள குழந்தைகளுக்கு இது போதும். கோட்டையை வேறு கண்ணால் பார்ப்பார்கள். சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் 1782 திசம்பரில் ஐதர் அலி இறந்தார். தொண்டைமனாட்டில் முதலாம் ஆதித்த சோழன் மறைந்தான். அவன் மகன் பராந்தகன் அங்கே எடுப்பித்த கோயில் இன்றும் உள்ளது. நாள்தோறும் பள்ளியில் பாடும் நாட்டுப் பண்ணை 1919இல் மதனப்பள்ளியில் தங்கியபொழுதுதான் தாகூர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தஞ்சைக்குச் சுற்றுலா போவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடலாம். பேருந்துக் கட்டணமும் குறைவு.

மதனப்பள்ளியைக் கூறியதும் ரிசிவேலி நினைவுக்கு வருகிறது. அங்குள்ள கல்வி நிறுவனத்தார் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தி, அட்டைகளைக் கொண்டு குழந்தை தன் போக்கில் கற்கும் முறையை வளர்த்தனர். 2003இல் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே வந்து பயின்று சென்றனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் பரவியதற்கு அது வித்தாயிற்று. அன்று நம் மாவட்டத்தில் இருந்த குக்கிராமத்தில் தோன்றியதைச் சென்னை கற்றுக்கொண்டது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி, மன்னிப்பீர்களாக.

இறுதியாகப் பெற்றோரிடம் ஒரு செய்தி. கோவிந்தராசர் கோயில் சுவரில் உள்ள பழந்தமிழ் எழுத்துகளை நம்மால் உடனே படிக்க இயலாது. ஆயினும் ட, ப, ம முதலிய சில எழுத்துகள் இன்றைய வடிவுக்கு அணுக்கமாக இருக்கும். தமிழ் எழுத்து அறிந்த குழந்தை அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துக் கூச்சலிடும். நான் பலமுறை கண்டிருக்கிறேன். தமிழ் எழுத்து அறியாத குழந்தைக்கு அச்சுவர் வெறும் சுவர். நம் குழந்தைகள் தமிழ் பேசுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் இல்லை என்ற நிலையும் சில பள்ளிகளில் வந்துவிட்டது. ஆயிரம் கல்வெட்டு நம்முடையது என்று வீட்டில் பெருமை பேசுகிறோம். அதைப் படிக்க நம் வீட்டில் ஆள் இருக்கிறதா? தெலுங்கை நன்றாகக் கற்கட்டும், ஆங்கிலமும் கற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நம் சங்கத்து அறையில் தமிழ் எழுத்துக் கற்க அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தெலுங்கு வீட்டுக் குழந்தைகள் வந்தாலும் பலகையில் இடம் உண்டு.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. 1960இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். மூன்றரை விரற்கடைக் காலத்தை நேரில் கண்டவர்கள் அவர்கள்தாம். நம் குடியிருப்பிலும் அக்கம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளிலும் அத்தகையோர் சிலர் உளர். அவர்கள் பெயரை இன்று மாலைக்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படிக்கும் நம் குழந்தைகள் பதினாறு பேர் வினாக்களை எழுதிச் சுவடியோடு காத்திருக்கிறார்கள். இரு மொழியிலும் கேட்பார்கள். ஊர் எந்த மாநிலத்தில் இருந்தது என்பது அவர்கள் எழுதியதில் ஏழாவது வினா. முதல் வினா, “உங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?” என்பது.